தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு

மண்ணரை, திருப்பூர்
2.7.2024

அன்புள்ள செல்லாத்தாள் அக்காவுக்கு,

உன் செல்ல அம்மிணி எழுதிக்கொள்வது. இங்கே அவரும் மகள் மதுவும் நலம். என்னை அந்த வரிசையில் சேர்க்கலாமா என்று இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். லூதியானாவில் மாமாவும், படுக்கையோடு இருக்கும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறார்கள்?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைக்கிறேன். மே மாதம் மார்பில் ஆபரேஷன் முடிந்து நீ ஊருக்குப் போன பிறகு, போன வாரம் திங்கட்கிழமை முதல் கீமோ ஏற்றினார்கள் அல்லவா? மறுநாளே பனியன் கம்பெனிக்குப் போய்விட்டேன். “ஊட்டுல படுத்துக் கெடந்தாத்தான் சீக்கு வரும்” என்று அவரிடம் சவடால் வேறு. பத்து மணி டீ நேரத்தில் கக்கூசுக்குப் போனேன். குனிந்து பார்த்தால் ரத்தச் சிவப்பு.

கத்திவிட்டேன் அக்கா. இருபது தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி என் செக்கிங் டேபிள் வரைக்கும் கேட்டிருக்கிறது. என்னிடம் வேலை செய்கிற பதினாலு பெண்களும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நான் நின்ற கோலத்தை எழுத மாட்டேன். அவர்களுக்குப் பின்னாலேயே வாட்ச்மேன் மகுடேஸ்வரன், கையில் தீயணைப்பு சிலிண்டர்! கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடி வந்தேன் என்கிறான். நம்பித்தான் ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் நர்ஸ் சிரிக்கிறாள். “ஏனுங்கம்மா, நேத்தே சொன்னனே, அது மருந்தோட கலருங்க. ரெண்டு நாளைக்கு அப்படித்தான் போகும்.” சொல்லியிருப்பாள். அந்நேரம் நான் அவள் சுடிதார் கையில் தையல் விட்டுப்போயிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணி விடக்கூடாது என்று ஊரே சண்டை போட்டு ஓய்ந்த பிறகு நான் ஒருத்தி விட்டிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய். கடிதம் என்றால் நீ அழுவது எனக்குக் கேட்காது. அதனால் இனிமேல் கடிதம்தான். வீடியோ காலும் வேண்டாம். ஏன் என்று அடுத்த மாதம் உனக்கே தெரியும்.

மொத்தம் எட்டு கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்று. முதல் நாலு சிவப்பு மருந்து, அடுத்த நாலு வெள்ளை மருந்து. ஒவ்வொன்றுக்கும் பிறகு ரத்தத்தில் வெள்ளை அணு குறையுமாம். அந்த நாட்களில் காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். நான் நாலு முறை தலையாட்டினேன்.

இப்படிக்கு, நொய்யலைக் கெடுத்த உன் தங்கை,
சித்ராதேவி


லூதியானா
11.7.2024

அம்மிணிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அத்தைக்கு முதுகில் புண் வந்துவிட்டது; இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்கிறேன். அதனால்தான் வர முடியவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ சிரிப்பதற்காக எழுதியிருக்கிறாய். மாமா சிரித்தார். நான் கடைசிப் பத்தியை மட்டும் நாலு தடவை படித்தேன். உடனே கடைக்குப் போய் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன், ஜோடியாக. ஒன்றை உனக்குக் கூரியரில் போட்டிருக்கிறேன். இன்னொன்று எனக்கு. காலை ஏழு மணிக்கு நீ அங்கே வாயில் வை, நான் இங்கே வைக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பீப் சத்தம் வரட்டும். நான் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்.

அந்த எண் இல்லாமல் எனக்குக் கடிதம் எழுதாதே. கதை எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துகொள், எண்ணில் மட்டும் விளையாடாதே.

ஒன்று கேட்கிறேன். உனக்குப் பயமாக இருக்கிறதா? மூன்று பக்கத்தில் அந்த வார்த்தையே இல்லையே கண்ணு.

உன் அக்கா,
செல்லாத்தாள்


மண்ணரை
27.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவுப்படி முதலில் எண்: 98.6. இன்று மட்டுமல்ல, தெர்மாமீட்டர் வந்த நாளிலிருந்து தினமும் 98.6. ஒரு புள்ளி ஏறவில்லை, ஒரு புள்ளி இறங்கவில்லை. எக்ஸ்போர்ட் குவாலிட்டி. உபயோகித்ததும் துடைத்து, வந்த கவரிலேயே போட்டு வைத்துவிடுகிறேன். டிவி ரிமோட்டே நாலு வருஷமாக நம் வீட்டில் பாலித்தீன் உறையில்தான் இருக்கிறது, தெரியும் அல்லவா? மாமாவுக்கும் அத்தைக்கும் உடம்பு தேவலையா?

முடி போய்விட்டது. போன விதத்தைக் கேள். குழந்தைகள் போடுகிற வெள்ளை பனியன் லாட் ஒன்று டேபிளில் ஓடுகிறது. ஒரு பீஸை விரித்தால் நெஞ்சுப் பக்கம் நீளமாய் ஒரு முடி. எந்தக் கழுதை தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறது என்று கத்தினேன். எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். அடுத்த பீஸிலும் முடி. அதற்கடுத்ததிலும். அப்புறம்தான் பார்க்கிறேன், என் தோள் முழுக்க முடி. பழுது இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதானே இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு? என் முடிக்கு நானே அம்பு ஒட்டினேன். பதினேழு பீஸ்.

சாயங்காலம் அவர் மெஷின் போட்டு மழித்துவிட்டார். முடித்ததும் தலையைத் தடவிப் பார்த்து, “நல்லா அயர்ன் பண்ணுனாப்ல இருக்குது புள்ளெ” என்றார். முப்பது வருஷ அயர்ன் மாஸ்டர் வாயில் வேறு என்ன வரும்? பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவர் போல வாசல் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றார். எங்களுக்கு மாடு கிடையாது.

நாக்கும் போயிற்று. அரிசிம்பருப்புச் சாதம் சேஃப்டி பின்னை மென்ற மாதிரி இருக்கிறது. காப்பியில் துருவாசம். வாந்தியைப் பற்றி எழுத மாட்டேன், நீ சாப்பிடும்போது படித்தாலும் படிப்பாய்.

கீமோ வார்டில் ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள். சேவூர் மாரக்காள். என் பக்கத்து நாற்காலி. எனக்கும் அவளுக்கும் ஒரே மருந்து, ஒரே நாள், ஒரே வயது. மொட்டைத் தலையோடு கட்டுத்தறிக்குப் போனால் எருமைக்கு ஆள் தெரியவில்லையாம். “என்னைய மொறைக்குதுங்க சித்ராக்கா. மடியத் தொட உட மாட்டீங்குது. கடைசில எங்கூட்டுக்காரரு வந்து ‘இவ நம்மாளுதான்’னு சொல்லி வெச்சாருங்க.” இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் கையில் குத்தியிருந்த ஊசி விலகி, நர்ஸ் திட்டினாள்.

இப்படிக்கு, பதினேழு பீஸைப் பழுதென்று செகண்ட்ஸில் தள்ளிய உன் தங்கை,
சித்ரா


லூதியானா
6.8.2024

அம்மிணிக்கு,

இன்று காலை ஏழு மணிக்கு வைத்தேன். பீப் கேட்டது. எனக்கும் 98.6. நம் இரண்டு பேருக்கும் ஒரே சூடு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே!

அத்தைக்குப் புண் ஆறவில்லை. மாமா நலம். எருமைக் கதையை அவர் பக்கத்து வீட்டு சர்தார்ஜிக்கு இந்தியில் சொல்லி, அவரும் சிரித்தார்.

நீ எழுதாமல் விட்டதை எழுது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாந்தி? தூக்கம் வருகிறதா? எத்தனை கிலோ இறங்கினாய்? வீடியோவில் வா. உன்னைப் பல் முளைக்காத மொட்டையாகவே தூக்கி வளர்த்தவள் நான்; என்னிடம் என்ன வெட்கம்?

பயமா என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக எருமையை அனுப்பிவிட்டாய்.

வெசனத்தோடு,
அக்கா


மண்ணரை
30.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

98.6.

கடிதம் இந்தத் தடவை சின்னதுதான். வாய் முழுக்கப் புண். பேச முடியாது, எச்சில் விழுங்கினால் பிளேடு. மது நீர்மோரை ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறாள். நான் பேசாத வீட்டில் எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டேன், சிலேட்டில் எழுதித்தான். “ஃபேன் சத்தம் கேக்குது” என்றார். கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷத்தில் மனுஷனுக்கு முதல் முறையாகக் கேட்கிறதாம்.

சிவப்பு மருந்து நாலும் முடிந்தது. அடுத்து வெள்ளை. ஞாபகம் வேறு அடிக்கடி காலை வாரிவிடுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால் எங்கே என்று பிரிட்ஜில் தேடினேன். செவ்வாய்க்கிழமை மதுவின் பெயர் எனக்கு வரவில்லை. எதிரே நிற்கிறாள், முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. “தண்ணி கொண்டா சாமி” என்று சமாளித்தேன். அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

கட்டிலிலிருந்து வாசலுக்குப் போக நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து போக. ஸ்டேஷன் மாதிரி.

மாரக்காள் நாலாவது டோஸுக்கு வரவில்லை. அவள் நாற்காலியில் ஒரு கோபிக்காரி உட்கார்ந்திருந்தாள், நல்ல பெண்தான், சிரிக்கத்தான் தெரியவில்லை. எருமை கன்று போட்டிருக்கும். வேலையை விட்டுவிட்டு வர முடியாமல் இருந்திருப்பாள்.

என் உடம்பில் சொன்ன பேச்சு கேட்பது அந்த 98.6 ஒன்றுதான். நீ கவலைப்படாதே. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு, ஊமை,
சித்ரா


லூதியானா
9.9.2024

அம்மிணிக்கு,

எனக்கும் 98.6. பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

மாரக்காளுக்குப் போன் போட்டுப் பார்த்தாயா? எருமை கன்று போட்டதற்காக யாராவது கீமோவை விடுவார்களா? அவளுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து எழுது.

அத்தை நேற்று என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். மதுவின் பெயர் உனக்கு வரவில்லை என்பதைப் படித்த அன்றுதான் அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், கண்ணு. பயமா இருக்குதா?

அக்கா


மண்ணரை
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

98.6. மாமா, அத்தை, நீ, எல்லோரும் சௌக்கியம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பேனா கையில் இருப்பது கைக்குத் தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெள்ளை மருந்து இரண்டு ஆயிற்று. இது வாயை விட்டுவிட்டு விரல்களைப் பிடித்துக்கொண்டது. பத்து விரலும் மரத்துவிட்டன. நகமெல்லாம் கறுத்து, இரண்டு ஆடுகிறது. துணியைக் கிள்ளிப் பார்த்தே கனம் சொல்லுவேனே, மெஷினில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்குமே, அந்த விரல்கள் அக்கா. இப்போது பனியனும் ஒன்று, சாக்கும் ஒன்று. பட்டன் போட மது வரவேண்டியிருக்கிறது.

ரேஷன் கடையில் கட்டை விரலை வைத்தேன். ரேகை விழவில்லை. “ஏனுங்கக்கா, வேற வெரல வையுங்க” என்றான். பத்தையும் வைத்தேன். எதுவும் விழவில்லை. தேய்ந்துபோய்விட்டதாம், மருந்து செய்கிற வேலை. பின்னால் நின்ற கிழவர் கேட்கிறார், “ஆளு இருக்குதா, இல்லியா?” நானே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்துக் கணக்கில் நான் கிளம்பிவிட்டேன்.

இன்று மத்தியானம் குளிர் எடுத்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கு மூன்று போர்வை. பல் தந்தியடித்தது. என் நெற்றியை நானே தொட்டால் யாரோ உறை போட்ட கையால் தொடுவது போல இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அவர் வந்து கை வைத்துப் பார்த்து, “சில்லுனுதான் இருக்குது” என்றார். கொதிக்கிற டீ டம்ளரை வெறுங்கையால் பிடிக்கிற மனுஷன்! முப்பது வருஷம் ஸ்டீம் அயர்ன் பிடித்த கைக்கு எதுதான் சுடும்? நல்லவேளை, உன் தெர்மாமீட்டர் இருக்கிறது. வைத்தேன். பீப். 98.6. அதுவே சொல்லிவிட்ட பிறகு உடம்பு சொல்வதை எதற்குக் கேட்பது?

மாரக்காளைப் பற்றிக் கேட்டிருந்தாய். தாளில் இடம் இல்லை, பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை கம்பெனியில் ஆடிட்; சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் சோதனை போட வருகிறார். மேனேஜர் போன் செய்து, “ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்கக்கா, கேள்வி கேட்டா உங்களாட்ட ஆராலயும் பதில் சொல்ல முடியாது” என்றார். ஆடிட் என்றால் தெரியும் அல்லவா, வருஷம் முழுக்க ஸ்டோரில் தூங்குகிற சாமான் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். முதலுதவிப் பெட்டி, முகமூடி, குடிதண்ணீர் டம்ளர் கூடப் புதுசு. அந்த வரிசையில் என்னையும் தூசி தட்டி வைக்கப் போகிறார்கள். போய் வந்து சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இப்படிக்கு, ரேகை இல்லாத உன் தங்கை,
சித்ரா


திருப்பூர்
18.10.2024

பெரியம்மாவுக்கு மதுமதி எழுதுவது.

போனில் பேச ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடுகிறது. நீங்களும் அழுகிறீர்கள். அதனால் நடந்ததை ஐசியூ வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா நலம், உள்ளே விடுகிற நேரத்துக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு ஆடிட்டுக்குக் கிளம்பியது. நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்ப்பார்களே, அந்தத் துப்பாக்கியை ஆடிட்டுக்காக எடுத்து வாட்ச்மேன் மகுடேஸ்வரண்ணன் கையில் கொடுத்திருந்தார்கள். உள்ளே போகிற எல்லோரையும் சும்மா பேருக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைச் சுட்டதும் நின்றுவிட்டார்.

“ஏனுங்கக்கா, நூத்தி மூணு காட்டுதுங்.”

“உன்ற துப்பாக்கி ஸ்டோர்ல கெடந்து கெட்டுப்போச்சு சாமி. எங்கூட்டுல காத்தால பாத்தேன். தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு. வழிய உடு.”

“கெட்டுப்போச்சான்னு பாத்துக்கலாமுங்க.” தன் நெற்றிக்கு நேரே பிடித்துச் சுட்டுக்கொண்டார். தொண்ணூற்றேழு. என்னைச் சுட்டார். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. மறுபடி அம்மாவை. நூற்று மூன்று. “உட மாட்டனுங்கக்கா. பையர் முன்னாடி என்ற வேலை போனாலும் சேரி” என்று கேட்டைச் சாத்திவிட்டார். அம்மா ஏதோ திட்ட வாயைத் திறந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது பெரியம்மா.

கம்பெனி வேனிலேயே கொண்டுவந்தோம். வெள்ளை அணு நாலாயிரத்துக்குக் குறையக் கூடாதாம், அம்மாவுக்கு முந்நூறு. ரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. “இன்னும் ஒரு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா” என்று டாக்டர் ஆரம்பித்தார். அதை முடிக்காமல் போய்விட்டார். முடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

நினைவு வந்து வந்து போகிறது. நடுவில், “மாரக்காளும் இப்படித்தான் குளிருதுன்னா” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. யார் பெரியம்மா மாரக்காள்? உங்களுக்குத் தெரியுமா? அம்மா எங்களிடம் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

மதுமதி


லூதியானா
22.10.2024

அம்மிணிக்கு,

படிக்கிற தெம்பு வந்த பிறகு இதைப் படி. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று மது போன் செய்தாள். அத்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஆள் வந்ததும் ரயில் ஏறுவேன்.

நீ 14ஆம் தேதி எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. நீ ஐசியூவில் கிடந்த நாளெல்லாம் இது தபாலில் வந்துகொண்டிருந்திருக்கிறது. மூன்று போர்வை என்று எழுதுகிறாய். பல் தந்தியடித்தது என்று எழுதுகிறாய். மேலேயும் கீழேயும் 98.6 என்று எழுதுகிறாய். யாரை ஏமாற்றினாய்? ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடிக்காமல் பொய் எண் எழுதினாயா? கதை அளந்துகொள், எண்ணில் விளையாடாதே என்றுதானே கெஞ்சினேன்? அந்த எண்ணை நம்பித்தான் நான் இங்கே சோறு தின்றுகொண்டிருந்தேன்.

என்னுடையது இன்றும் 98.6. அதை எழுதவே கை கூசுகிறது.

அக்கா


மண்ணரை
16.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் ஊடு வந்து மூன்று வாரம் ஆயிற்று. அவரும் மதுவும் நலம். நானும் வரிசையில் கடைசியில் நிற்கிறேன்.

தீவாளி நோம்பிக்கு ஊரே காலி. வடக்கத்திப் பையன்கள், மதுரைப்பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய், ஒரு மெஷின் சத்தம் கூட இல்லாமல் மண்ணரை எனக்கு வாய்ப்புண் வந்தது போல இருந்தது. மகுடேஸ்வரன் பலகாரம் கொண்டுவந்தான். அன்றைக்குக் கக்கூசில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாயா என்று கேட்டேன். “பாதி மூடியிருந்தனுங்கக்கா” என்றான். போகட்டும். மீதி உயிர் அவன் கொடுத்தது.

இனி, தாளில் இடம் இருக்கிறது. மாரக்காள் செத்துப்போனாள் அக்கா. மூன்றாவது டோஸுக்குப் பிறகு எட்டாம் நாள். அவள் வீட்டுக்காரர் போனில் சொன்னார். குளிருகிறது என்றாளாம். மழைக்காலம், எல்லோருக்கும் குளிரத்தான் செய்யும் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்களாம். காலையில் இல்லை. நாலாவது டோஸுக்குப் போனபோது எனக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்தக் கோபிக்காரி பக்கத்தில் உட்கார்ந்து எருமைக் கதை சொன்னேன். உன்னிடம் சொன்னால் நிஜமாகிவிடும் என்று எருமையைக் கன்று போட வைத்தேன்.

மீதி இரண்டு கீமோவும் வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அளவைக் குறைத்துக் கொடுக்கலாம், வெள்ளை அணு ஏற ஊசி போடலாம், விரல் மரத்ததையும் பெயர் மறந்ததையும் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். என்ன சொல்வது? என் டேபிளில் பழுது காட்டினால் அந்த பீஸை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். என்னை ஒதுக்கிவிடக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் “எல்லாம் நல்லாருக்குதுங்க” என்றேன். போன வாரம் 4ஆம் தேதி திங்கட்கிழமை ஏழாவது ஏற்றிக்கொண்டேன். ஒன்று பாக்கி.

பொய் எண் எழுதினாயா என்று கேட்டிருந்தாய். முருகன் அறிய நான் ஒரு எண்ணும் மாற்றவில்லை. நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் கொடுத்த தெர்மாமீட்டரை மது வைத்தாள்: 99.2. உன்னுடையதை வைத்தாள்: 98.6. யாரை நம்புவது? மது யோசித்து, உன்னுடையதை அவருடைய டீ டம்ளரில் விட்டாள். பீப். டீக்கு 98.6. பிரிட்ஜிலிருந்து தயிரை எடுத்து விட்டாள். தயிருக்கும் 98.6. “அம்மா, நம்ம ஊட்டுத் தயிரு நல்லாருக்குது” என்றாள். அவர், “எங்கியோ ஸ்டிச்சு உட்டுப்போச்சு” என்றார்.

மது ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டினாள். எனக்குத்தான் நகமெல்லாம் விழுந்துவிட்டதே! கண்ணாடி மேல் மெல்லிசாக ஒரு பிலிம். கடையில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதிலேயே 98.6 என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். உரித்தால், அடியில் நிஜமான எண் நாலு மாதமாகத் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டிக்கர் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஸ்டிக்கர் ஒட்டிப் பிழைத்தவள் கண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர் தெரியவில்லை. எங்கள் பேக்கிங்கில் ஒரு சட்டம் உண்டு: ஒட்டி வந்ததை நாம் உரிக்கக் கூடாது, வாங்குகிறவர்தான் உரிக்க வேண்டும். வாங்குகிறவள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

உரித்த பிறகு மறுபடி வாயில் வைத்தேன். பீப் வருவதற்குள் ஒரு நிமிடம்தான். அது பல்லில் இடித்து, டகடகவென்று சத்தம் கேட்டது. இதுவரை அது எனக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. இனிமேல் உள்ளதைச் சொல்லும். 99.1.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. முதல் நாள் கக்கூசில் கத்தினேனே, அன்றையிலிருந்து. கேட்டுக் கேட்டு நீ ஓய்ந்துபோன பிறகு எழுதுகிறேன். இதற்கு மேல் சிரிக்க வைக்க இப்போது வரவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதில் நீயும் அங்கே வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்துத்தான் தாண்டுகிறேன்.

அதற்குத்தான் சொல்ல வந்தேன். நீயும் நாலு மாதமாக 98.6 என்றுதான் எழுதியிருக்கிறாய். உன்னுடையதையும் நகத்தால் சுரண்டிப் பார்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் அன்பு.

உன்,
அம்மிணி


லூதியானா
25.11.2024

அம்மிணிக்கு,

நாத்தனார் வந்துவிட்டாள். டிசம்பர் மூன்றாம் தேதி ரயில். ஐந்தாம் தேதி நான் அங்கே இருப்பேன். இன்று உனக்கு எட்டாவது. மது போன் செய்தாள், நல்லபடியாக ஏற்றி முடித்தார்கள் என்று. அத்தைக்குப் புண் ஆறிவருகிறது. மாமா உன்னைக் கேட்டார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னுடையதை எடுத்து நகத்தால் சுரண்டினேன். பிலிம் வந்துவிட்டது. அடியில் எண் எதுவும் இல்லை, பீப்பும் இல்லை; நாலு மாதமாக எனக்குக் கேட்ட பீப் என் மனசுக்குள் அடித்ததுதான். பேட்டரி வேலை செய்யாமல் இருக்கக் கடையில் நடுவே செருகி வைத்திருந்த வெள்ளைத் தாளை நான் இன்னும் இழுக்கவே இல்லை, கண்ணு.

அக்கா